எட்டாம் நம்பர் கொடுத்த பாஸ்

அவருக்கு ஓடப் பிடிக்காது. உதைபந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி இப்படித் தொடங்குவது அபத்தம்தான். ஆனாலும் அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மற்றவர்கள் நாக்குத் தள்ள ஓடுவார்கள். அவர் மைதானத்தின் நடுவில், ஒரு காலுறை இறங்கிக் கிடக்க, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நிற்பார். பந்து அவரிடம் வரும். அதற்குப் பிறகு அது எங்கே போகும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் என்னோடு ரொறொன்ரோப் புறநகர் மல்வேர்னில் வளர்ந்த பெண்களே, உங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. நீங்கள் அப்போது சினிமாப் பாட்டுக் கசெற்றுகளை மாற்றி மாற்றிப் பதிந்துகொண்டு திரிந்தீர்கள். நான் வாய் திறந்து அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் “இவளுக்கு விசர்” என்று எழும்பிப் போனீர்கள். இப்போது எல்லோருக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது, எழும்பிப் போவதற்கு முழங்கால் இடம் கொடுக்காது. ஆகவே இருந்து கேளுங்கள். பெயர் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு ஆட்கள் ஒருவருக்கும் இந்தக் கதையில் பெயர் கிடையாது, அவருக்கு மட்டும் எதற்கு? சட்டை முதுகில் எட்டு என்று இருக்கும், அது போதும்.

அவரை எனக்குக் காட்டித் தந்தவ எதிர்வீட்டு அன்ரி. எங்கள் அப்பார்ட்மென்ரில், எங்கள் கதவைத் திறந்தால் அவவின் கதவு. தென் அமெரிக்காவிலிருந்து எங்களைப் போலவே அகதியாக வந்தவ. அந்தக் கண்டத்தில் எந்த நாடு என்று அம்மா கடைசிவரை கேட்டதில்லை. அம்மாவுக்கு அது முழுக்க ஒரே நாடு, அதன் பெயர் ஸ்பானிஷ். ஆனால் அன்ரியின் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் எந்நேரமும் விளக்கு எரியும். “சாமி கும்பிடுற மனுசி, பிள்ளையளை நம்பி விடலாம்” என்று அம்மா முடிவு கட்டிவிட்டா.

விட வேண்டித்தான் இருந்தது. பின்னேரம் அம்மா ஷிஃப்றுக்குப் போய்விடுவா, அப்பா தன் ஷிஃப்ற் முடிந்து பஸ் மாறி வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியில் என்னையும் தம்பியையும் அன்ரி பார்த்துக்கொண்டா. தம்பிக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. அன்ரி இரவில், ஆட்கள் வேலை முடிந்து போன பிறகு கந்தோர்கள் துப்புரவாக்கிற வேலை செய்தா. எவ்வளவு கழுவினாலும் அவவின் கையில் எலுமிச்சம்பழ மணம் ஒன்று இருந்தது, உண்மையான எலுமிச்சம்பழத்தின் மணமல்ல, போத்தலில் வருகிற தரை கழுவுகிற தண்ணீரின் மணம். அந்தக் கையால் வாழைக்காயைத் தட்டித் தட்டிப் பொரித்துத் தருவா. தின்றுகொண்டே வீடியோ பார்ப்போம்.

அவவின் தமையன் ஊரிலிருந்து கசெற் அனுப்புவார். எல்லாம் மட்ச். எல்லாவற்றிலும் எட்டாம் நம்பர். அன்ரி அவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்ததில்லை, கைக்கு அகப்பட்டதைப் போடுவா. அதனால் அவருடைய வாழ்க்கையை நான் முன்னும் பின்னுமாகத்தான் அறிந்தேன். ஒரு நாள் அவருக்கு முப்பது வயது, முழங்காலில் வெள்ளைக் கட்டு, கையில் கப்டன் பட்டி. அடுத்த நாள் பதினாறு வயது, மலைப்பக்கத்துச் சேற்று மைதானம், அளவில்லாத பெரிய சட்டை, எலும்பும் தோலுமான உடம்பு. அந்தப் பதினாறு வயதிலும் அவர் ஓடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐரோப்பாவுக்குப் போன காலத்துக் கசெற் ஒன்றும் இருந்தது. அங்கே பெரிய கழகமொன்று பெருந்தொகை கொடுத்து அவரை வாங்கியது. வாங்கிய பிறகு, ஏன் ஓடுகிறாயில்லை என்று கேட்டது. இரண்டு பனிக்காலம் முழுவதும் அவரை, ஆட்டத்தில் இறக்காதவர்கள் இருக்கிற வெளி வாங்கில் உட்கார வைத்தார்கள். கமரா எப்போதாவது அந்தப் பக்கம் திரும்பும். தடித்த கோட்டுக்குள் கழுத்தைப் புதைத்துக்கொண்டு இருப்பார். எங்கள் அப்பா முதல் பனிக்காலத்தில் பஸ் தரிப்பிடத்தில் அப்படித்தான் நின்றார். அந்த இடம் வந்தால் அன்ரி ரிமோற்றை எடுத்து வேகமாக ஓட விடுவா. ஸ்பானிஷில் ஏதோ திட்டுவா, எனக்கு அந்தச் சொற்கள் எல்லாம் பாடமாகிவிட்டன. பிறகு அவர் நாடு திரும்பினார். அவரைச் சுற்றி ஒரு அணியைக் கட்டினார்கள். மற்றவர்கள் ஓடினார்கள், அவர் நின்றார், அணி வென்றது. கொட்டுகிற மழைக்குள் நடந்த தகுதிச் சுற்று ஆட்டமொன்றை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேனோ தெரியாது. கசெற் தேய்ந்து, அவர் பாஸ் கொடுக்கிற இடத்தில் மட்டும் திரை இழுபடும். அந்த இடத்தைத்தான் அன்ரி திருப்பித் திருப்பிப் போட்டா.

“காலைப் பாக்காதை, தலையைப் பார்,” என்பா அன்ரி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அதுதான் நான் படித்த உதைபந்தாட்டம் முழுவதும். பந்து வருவதற்கு முதலே அவர் பார்த்து முடித்துவிடுவார். அதற்குப் பிறகு நானும் பார்க்கிங் லொட்டில் பெடியங்களோடு விளையாடும்போது நின்று பார்க்கப் பழகினேன். “ஓடுடி!” என்று கத்துவார்கள். ஓடமாட்டேன். ஒருக்கால், ஒரேயொருக்கால், நான் தட்டிவிட்ட பந்து மூன்று பேருக்கு நடுவால் போய், நாலாவது பெடியனின் காலடியில் நின்றது. அவன் அதைக் கோலாக்கிவிட்டுத் துள்ளினான். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிறகு கலியாணத்தன்று கூட இருக்கவில்லை, சொன்னால் என் மனுசன் கோபிப்பார்.

அப்பாவிடம் இதெல்லாம் செல்லாது. வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டபடி எங்களைக் கூட்டிப்போக அன்ரியின் வாசலில் வந்து நிற்பார். ரிவியைப் பார்ப்பார்.

“உவன் எத்தினை கோல் அடிச்சவன்?”

“அவர் கோல் அடிக்கிறேல்லை அப்பா. பாஸ் குடுக்கிறவர்.”

“பாஸ் ஆரும் குடுக்கலாம் பிள்ளை. கோல் அடிக்கிறவனெல்லோ கெட்டிக்காரன்.”

எங்கள் வீட்டில் எதையும் இலக்கத்தில் சொன்னால்தான் விளங்கும். கணக்கில் தொண்ணூற்றிரண்டு என்றால் மீதி எட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்கிற மனிதர் அப்பா. எந்நேரமும் நின்றுகொண்டிருக்கிற ஒருவரை ஒரு கண்டமே தலையில் வைத்துக் கொண்டாடுவது அவருக்கு எப்படி விளங்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோடையில்தான் அன்ரி தன் மாதா கோயிலிலிருந்து செய்தி கொண்டுவந்தா. எட்டாம் நம்பரின் கழகம் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் வருகிறது. ரொறொன்ரோவில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும். ரிவியில் காட்டமாட்டார்கள். நேரில் பார்த்தால்தான் உண்டு.

அப்பாவை நான் எப்படி அரித்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் உங்கள் அப்பாக்களை அரித்தவர்கள்தான். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், அம்மா கவனிக்கவில்லை. கடைசியில் கேள்வியொன்றும் கேட்காமல் அப்பாவே அன்ரியிடம் போய் இரண்டு ரிக்கெற் எடுத்து வந்தார். அவருக்கும் எனக்கும். அன்ரிக்கு அன்றைக்கு மட்டும் பின்னேர வேலை, மாற்றித் தர மேலாளர் மாட்டேன் என்றுவிட்டான். “நீ என்ரை கண்ணாலை பாத்துக்கொண்டு வா” என்றா. என்னுடைய பழைய வெள்ளைச் சட்டை ஒன்றின் முதுகில் நீலத் துணியால் எட்டு வெட்டித் தைத்தும் தந்தா. எட்டின் கீழ் வட்டம் கொஞ்சம் கோணல். அதைத் தலையணைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலை நான் பெரிய பிள்ளை ஆனேன்.

சிரிக்காதீர்கள். வயிற்றுக்குள் ஏதோ வருத்தம் என்று நினைத்துத்தான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கட்டிலில் இருந்து அழுதா, பிறகு சிரித்தா, பிறகு ரெலிபோனை எடுத்தா. மாமாவின் மனைவி, எங்கள் மாமி, பிறம்ரனிலிருந்து கார் பிடித்து, முட்டையும் நல்லெண்ணெய்ப் போத்தலும் உழுத்தம்மாவுமாக வந்து இறங்கினா. வந்த கையோடு அறைக்குள் என்னைத் தள்ளி, மூலையில் பாய் போட்டு, பக்கத்தில் கத்திரிக்கோல் ஒன்றை வைத்தா. ஊரில் வேப்பிலையும் வைப்பார்களாம், மல்வேர்னில் வேப்ப மரத்துக்கு எங்கே போவது? பச்சை முட்டையை உடைத்து ஊற்றினா, அதற்குமேல் எண்ணெய். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். அந்த வழுவழுப்பு இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

சடங்குக்குத் தண்ணீர் வார்க்கும்வரை ஆம்பிளைகளின் முகத்தில் முழிக்கக்கூடாது. இதுதான் சட்டம். ஊரில் பெரிய வீடு, தனி அறை, பின்பக்கத்துக் கிணறு. இங்கே இரண்டு அறை அப்பார்ட்மென்ற், ஒரே ஒரு வொஷ்ரூம். நான் போக வேண்டுமென்றால் மாமி முதலில் வெளியே வந்து, “பிள்ளை வருது, எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்புங்கோ!” என்று சத்தம் போடுவா. அப்பாவும் தம்பியும் சோபாவிலிருந்து எழும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தம்பி கெக்கட்டம் விட்டுச் சிரிப்பான். அப்பா அவன் தலையில் குட்டுவது எனக்குக் கேட்கும்.

“அம்மா, நாளைக்கு மட்ச்,” என்றேன்.

“என்ன மட்ச்? மெத்தப் பேசாமல் களியைத் தின்.”

“போட்டு வந்து இருக்கிறன் அம்மா. வந்து எவ்வளவு நாளெண்டாலும் இருக்கிறன்.”

“பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுது! இந்த பில்டிங் முழுக்க எங்கடை சனம். லிஃப்றுக்கை ஆரும் கண்டால் என்ன கதைப்பினம்?”

“ஆருக்கும் தெரியாதெல்லோ.”

“தெரியாதோ? உன்ரை மாமி வரேக்கையே கீழை மூண்டு பேருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தவ.”

நான் அழத் தொடங்கினேன். இங்கேதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்காத பகுதி வருகிறது. நான் என்ன காரணத்துக்கு அழுகிறேன் என்று வாயால், தெளிவாக, தமிழில் சொல்லிச் சொல்லி அழுதேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. அம்மா வயிற்று நோ என்று நினைத்து இன்னும் எண்ணெய் தந்தா. மாமிக்கு அது வெட்கம். “எல்லாப் பெட்டையளும் உப்பிடித்தான், வெக்கத்திலை அழுவினம்” என்று ரெலிபோனில் யாருக்கோ பெருமையாகச் சொன்னா. பார்க்க வந்த பெண்கள், வீட்டை விட்டு ஒரு நாள் போகப்போகிறேனே என்று அழுகிறேன் என்றார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு வீட்டை விட்டுப் போவதுதான் ஆசை, அதுவும் அடுத்த நாளே, இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும் எடுத்து!

அன்றைக்குப் பின்னேரம் அப்பா கதவுக்கு வெளியே வந்து நின்றார். கதவின் கீழ் இடுக்கால் அவர் உடுத்திருந்த சாரத்தின் கரையும் பெருவிரல்களும் தெரிந்தன.

“பிள்ளை.”

“அப்பா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்களுக்குப் பின்னாலை வாறன். நீங்கள் என்னைப் பாக்கத் தேவையில்லை.”

பெருவிரல்கள் கொஞ்சம் அசைந்தன.

“இது பொம்பிளையளின்ரை விஷயம் பிள்ளை. நான் என்ன செய்யிறது? அடுத்த வருஷமும் வருவினம்தானே, அப்ப போவம்.”

அடுத்த வருஷம்! இந்தியாவிலிருந்து பாட்டுக்காரர்கள் கோடைக்குக் கோடை வந்து மண்டபத்தில் பாடிவிட்டுப் போவார்கள் அல்லவா, அப்பா எட்டாம் நம்பரையும் அந்தக் கணக்கில் வைத்திருந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது, இது கடைசிச் சுற்றாக இருக்கும் என்று அன்ரி சொன்னதையெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கத்தினேன். வெளியே மாமியின் குரல் கேட்டது. “அத்தான், அந்தக் கதவடியிலை நிக்கக்கூடாது.” பெருவிரல்கள் போய்விட்டன.

என்னுடைய ரிக்கெற் தம்பிக்குப் போனது. ரிக்கெற் மட்டுமல்ல, சட்டையும். “வீணாய்க் கிடக்குது, போட்டுக்கொண்டு போகட்டும்” என்று அம்மா என் தலையணைக்குக் கீழே இருந்து அதை உருவி எடுத்தா. நான் பிடித்து இழுத்தேன், துடக்குக் கையால் தொடாதே என்று அடி விழுந்தது. என் பழைய சட்டையில் எட்டாம் நம்பராகி, ஞாயிறு மத்தியானம் அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

அந்தப் பின்னேரத்தை என்னால் முழுவதும் சொல்ல முடியும். ஜன்னல் கம்பி வலையில் ஈ ஒன்று இருந்தது. கீழே பார்க்கிங் லொட்டில் பெடியங்கள் விளையாடினார்கள், நான் நிற்கிற இடத்தில் யாரோ புதியவன் நின்றான், சரியாக நிற்கவில்லை. முன்னறையில் மாமி படம் போட்டுவிட்டுக் குறட்டை விட்டா. அறை முழுக்க நல்லெண்ணெய் மணம். இப்போது தொடங்கியிருக்கும், இப்போது அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பாயைப் பிய்த்தேன். அந்த வீட்டில் என்னால் பிய்க்க முடிந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் திரும்பி வந்தது பொழுதுபட முதலே. தம்பியின் குரல் முதலில் கேட்டது, அவன் கெச்சப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மாமி குசினிக்குள் போகும்வரை காத்திருந்து அப்பா கதவடிக்கு வந்தார்.

“என்னப்பா? என்ன நடந்தது? விளையாடினவரோ?”

கதவின் கீழே பெருவிரல்கள் மடங்கி விரிந்தன.

“ஒண்டுமில்லை பிள்ளை. கடைசி அரைமணித்தியாலம்தான் இறக்கினவங்கள். சும்மா நிண்டவர். கோல் ஒருத்தரும் அடிக்கேல்லை. வெய்யிலும் சனமும், ஒரே இடிபாடு. நல்லகாலம், நீ வராதது நல்லது.”

நல்லகாலம் என்றார். நான் சுவரில் தலையை முட்டினேன்.

அடுத்த நாள் அன்ரி வந்தா. பெண் என்றபடியால் தடையில்லை. என் பாயில் வந்து இருந்து என் முகத்தைப் பார்த்தா. அந்த இரண்டு நாளில் நான் ஏன் அழுகிறேன் என்று விளங்கிய ஒரே ஆள் அவதான், கேட்கத் தேவை இருக்கவில்லை. தானும் அழுதா. ஸ்பானிஷ் ரேடியோவில் இரவு முழுக்க ஒரே கதையாம். அரைமணி நேரத்தில் எட்டாம் நம்பர் ஒரு பாஸ் கொடுத்தாராம். கோலாகவில்லை, வாங்கியவன் அடித்தது கோல் கம்பத்தில் பட்டுவிட்டது. ஆனால் மைதானம் முழுக்க எழும்பி நின்றதாம். ரேடியோக்காரனுக்கு அதை விவரிக்கத் தெரியவில்லை, கடவுளே கடவுளே என்று மட்டும் கத்தினானாம்.

“உன்ரை அப்பா அங்கை இருந்தவர். அவரைக் கேள். கேட்டு எனக்கும் சொல்லு,” என்றா.

கேட்டேன். அப்பா வேலையால் வரும்வரை கதவில் காது வைத்துக்கொண்டு இருந்து, சாப்பாட்டுப் பை கீழே வைபடும் சத்தம் கேட்டதும் கூப்பிட்டேன்.

“அப்பா, அவர் ஒரு பாஸ் குடுத்தவராம். எல்லாரும் எழும்பி நிண்டவையாம். அது எப்பிடி அப்பா? எங்கையிருந்து குடுத்தவர்?”

“பாஸோ? எத்தினையோ பாஸ் குடுத்தாங்கள் பிள்ளை.”

“இது அவர் குடுத்தது. கம்பத்திலை பட்டதாம்.”

“எனக்குத் தெரியேல்லை பிள்ளை. ஒண்டுமில்லை, நீ அதை விடு.”

தம்பியைக் கேட்டால் அவன் நித்திரையாகிப் போனானாம். சட்டையில் கெச்சப் கறை. அது போகவில்லை என்று அம்மா பிறகு அதை அடுப்புத் துடைக்க எடுத்தா. கோணல் வட்டம் எண்ணெய்க் கறையோடு குசினியில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு காணாமல் போனது.

தண்ணீர் வார்த்தார்கள், மண்டபம் எடுத்தார்கள், சேலை கட்டினார்கள், நீங்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டீர்கள். பார்க்கிங் லொட்டுக்கு இனிப் போகக்கூடாது என்றார்கள். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. அந்தப் பயணத்தோடு முழங்கால் முடிந்துபோய், ஊருக்குத் திரும்பி ஓய்வு என்று அறிவித்தார். பயிற்சியாளரானார், தோற்றார், விலக்கினார்கள், பிறகு அவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அன்ரி வன்கூவர் பக்கம் தமக்கையிடம் போனா, கசெற்றுகளும் போயின. இணையம் வந்த பிறகு நான் தேடாத இடமில்லை. மழைக்குள் நடந்த ஆட்டம் கிடைத்தது, சேற்று மைதானம் கூட ஒரு துண்டு கிடைத்தது. ரொறொன்ரோவில் அந்த அரைமணி நேரத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

அப்பா மீது எனக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. கண் முன்னால் நடந்ததைப் பார்க்கத் தெரியாத மனிதர். கோல் விழாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிற மனிதர். முப்பது வருஷத்துக்கு மேலாக, அவர் என்ன சொன்னாலும் உள்ளுக்குள் ஒரு குரல், “நீங்கள் அங்கே இருந்தும் பார்க்கவில்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவருடைய வருத்தங்களுக்கு மருந்தெடுக்க நான்தான் கூட்டிப்போகிறேன், அப்போதும் சொல்லும்.

போன பனிக்காலம், யூனியன்வில்லில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற். என் மகன் ரிவியில் ஏதோ ஐரோப்பிய ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். நான் துவைத்த உடுப்புக் கூடையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

“திஸ் கை இஸ் ஸோ லேஸி, அம்மப்பா. ஓடவே மாட்டான்,” என்றான் மகன்.

“உதைச் சொல்லாதை. ஓடாதவங்களிலை ஒருத்தன் இருந்தவன்,” என்றார் அப்பா. “நான் நேரிலை பாத்தனான். உன்ரை கொம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்கை. கிழவன், காலிலை கட்டு. ஒரே இடத்திலை நிண்டான். எனக்கு அரியண்டமாய் இருந்தது, உதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனான் எண்டு. பிறகு ஒரு பாஸ் குடுத்தான் பார்…”

கூடையைப் படியில் வைத்தேன்.

“சனமெல்லாம் எழும்பிட்டுது. நானும் எழும்பினன். உன்ரை மாமன் மடியிலை நித்திரை, அவனையும் தூக்கிக்கொண்டு எழும்பினன். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. ஏனெண்டு தெரியாது. அப்பதான் எனக்கு விளங்கினது, உன்ரை கொம்மா ஏன் அவனுக்காண்டி அந்தப் பாடுபட்டவள் எண்டு.”

“வட் கைண்ட் ஒஃப் பாஸ்?” என்று மகன் கேட்டான்.

அப்பா வலது கையைத் தூக்கினார். கை காற்றில் இந்தப் பக்கம் கொஞ்சம் போய், பிறகு அந்தப் பக்கம் திரும்பி, நின்றுவிட்டது. அவர் தன் கையையே பார்த்தார். மகனும் பார்த்தான்.

“இடப்பக்கத்தாலையோ… இல்லை. முன்னுக்கு ஒருத்தன் ஓடினவன்… அவனுக்கில்லை…” கையை மடியில் வைத்தார். “அது இப்ப வருகுதில்லை தம்பி.”

நான் கீழே இறங்கிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஒண்டுமில்லை எண்டு சொன்னீங்களேப்பா. நான் வராதது நல்லது எண்டு சொன்னீங்களே.”

அப்பா அதிரவில்லை. நான் ஏதோ கணக்கில் பிழை விட்டவள் போல, பொறுமையாக என்னைப் பார்த்தார்.

“நீ உள்ளுக்கை அழுதுகொண்டெல்லோ இருந்தனி பிள்ளை. நல்லாயிருந்தது எண்டு சொன்னால் இன்னும் அழுவாய். அதுதான் ஒண்டுமில்லை எண்டனான்.”

எனக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. என்னைத் தேற்றுவதற்காக ஒரு மனிதர், தன் கண்ணில் தண்ணீர் வர வைத்த ஒன்றை விழுங்கிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று குப்பை என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்திருக்கிறார். என்னைவிட நன்றாகவே பார்த்திருக்கிறார். அதைத் தனக்குள்ளேயே வைத்து வைத்து, கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டார்.

“ஒரு கிழமையாய் எனக்குக் கண்ணுக்குள்ளை அதுதான் நிண்டது,” என்றார் அப்பா. மறுபடி கையைப் பார்த்தார். “படம் மாதிரி நிண்டது. அப்ப நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அப்பிடியே சொல்லியிருப்பன்.”

“கேட்டனான் அப்பா,” என்றேன்.